மையித்தில் கண்ட கட்டி

இன்று அஸர் தொழுது எழும்பியபோது கூட்டாளி ஒருத்தியின் மகள் வாசலில் நின்றாள். பெயர் எழுத மாட்டேன். எண்பதுகளில் இவளுடைய உம்மா, அந்தக் கூட்டாளி, மௌத்தானபோது உயிர்போன உடலைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி.

"சாச்சி, மார்புல ஒரு கட்டி. நோகல்ல. நோகாட்டிப் பயமில்லத்தானே எண்டு டொக்டர்ட்ட கேட்டன். அப்பிடி நெனைக்க வேணாம், சோதிக்கணும் எண்டாரு. குடும்பத்துல ஆருக்கும் இருந்திச்சா எண்டும் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"உம்மா காய்ச்சல்ல மௌத்து எண்டுதான் வாப்பா சொன்ன. நீங்கதானே குளிப்பாட்டின. கண்டீங்களா?"

குளிப்பாட்டியவர்கள் மையித்தில் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. என்னை நம்பி விட்ட அந்த அமானிதத்தை நான் என் பிள்ளைகளிடம்கூட உடைத்ததில்லை. ஆனால் அன்று துணிக்கு மேலால் தேய்த்தபோது கையில் பட்ட அந்தக் கட்டி, இன்றும் மாப் பிசையும்போது விரலில் தட்டுப்படுகிறது.

"ஓம் மகள்," என்றேன். "இடது பக்கம். ஆருக்கும் காட்டாமலே வெச்சிருந்திருக்கா."

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எனக்கும் இடதுதான் சாச்சி. வெட்டினாப் பரவும் எண்டு மாமி சொல்றா."

"உன்ட மாமி எப்ப டொக்டருக்குப் படிச்ச? நாளைக்கே போய் உம்மாட கதையைச் சொல்லு. நானும் வாறன்."

அவள் போய்விட்டாள். மஃரிப் தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று எனக்குத் தடுமாறியது.

மார்க்கக் கிதாபு ஓதியவர்கள் சொல்லுங்கள்: நான் அமானிதத்தை உடைத்தேனா, உரியவளிடம் ஒப்படைத்தேனா? அவசரமில்லை, ஆறுதலாக எழுதுங்கள். காலையில் நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருப்போம்.