மூன்று திட்டங்களும் ஒரு முழங்கால் தைலமும்

அப்பா ஓய்வு பெற்றது 1973 ஜூன் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ். மாலையும் கழுத்துமாக மூன்று மணிக்கெல்லாம் மந்தைவெளியில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கினார். திங்கட்கிழமை காலையில் பழைய காலண்டர் தாள்கள் இரண்டைப் பின்பக்கம் மேலே வரும்படி பசை போட்டு ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தார்.

"இனிமே நமக்கு டிஸ்பென்சரி கிடையாது பாப்பா. அதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்றார்.

அவருடைய ஆபீஸ் பாரிமுனைப் பக்கம் இருந்தது. அதன் பின்கட்டில் ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு டிஸ்பென்சரி. அம்மா அங்கே இரண்டு தடவைக்கு மேல் போயிருக்க மாட்டாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அப்பாதான் போவார். காலையில் கிளம்பும்போது அவளிடம் நின்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். இருமல் எந்த நேரத்தில் அதிகம், சளி என்ன நிறம், ராத்திரி எத்தனை தடவை எழுந்தாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வரிசையில் நின்று, அந்தச் சீட்டைப் பார்த்து டாக்டரிடம் சொல்வார். சாயங்காலம், வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல் வெட்டிய காகிதம் ஒட்டிய பாட்டிலில் மிக்ஸ்சர் மருந்து வீட்டுக்கு வரும். அந்த ஆபீஸில் பாதிப் பேர் இப்படித்தான் செய்தார்கள். அப்பா அளவுக்குச் சரியாகச் சொல்கிறவர் யாரும் இல்லை என்று டாக்டரே ஒருமுறை பாராட்டியதாகச் சொல்லுவார். அம்மாவின் முகத்தை அந்த டாக்டர் அடையாளம் கண்டிருப்பாரா என்பது சந்தேகம்.

அரசாங்கத்தின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது. அதற்கு மேல் ஒரு துணை வேண்டும் என்றுதான் அப்பா தேடினார். மூன்று திட்டங்கள் கிடைத்தன. ஒன்று, ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தின் மருத்துவ நிதி. ஆஸ்பத்திரியில் படுத்தால், பில்லைக் காட்டி ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். ஓய்வு பெற்ற மூன்று மாதத்துக்குள் சேர வேண்டும். தவறினால் பிறகு எப்போதும் முடியாது. இரண்டாவது, ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசி. இன்ஷூரன்ஸ் என்றால் செத்த பிறகு வருவது என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பாலிசி என்றபோது அக்கம்பக்கத்தில் யாரும் நம்பவில்லை. மூன்றாவது, அடையாறில் ஒரு டிரஸ்ட் நடத்திய நர்சிங் ஹோமின் வருடாந்தர அட்டை. அட்டை இருந்தால் டாக்டரைப் பார்க்கக் கட்டணமில்லை; படுக்கைக்கும் ஆபரேஷனுக்கும் சலுகை. ஆனால் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் செல்லும்.

மூன்று மாதக் கெடு சங்கத்துக்குத்தான். என்றாலும் எல்லாவற்றுக்கும் அதையே கெடுவாக வைத்துக்கொண்டார் அப்பா. செப்டம்பர் முப்பது ஞாயிறு, ஆகவே இருபத்தொன்பதுதான் கடைசி நாள் என்று தாளின் மேல் மூலையில் சிவப்பு மசியில் எழுதினார். நானும் என் டைரியில் எழுதிவைத்தேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சாந்தோமில் ஒரு பள்ளியில் ஆசிரியை. எந்த நாளில் எது நடந்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்ததுதான்.

ஜூலையும் ஆகஸ்டும் இதிலேயே போயின. தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த சங்க ஆபீஸுக்கு நான்கு முறை போய், பில் கொடுத்தவர்களுக்கு எத்தனை மாதத்தில் பணம் வந்தது என்று விசாரித்தார். அடையாறு நர்சிங் ஹோமின் வெளிக்கூடத்தில் ஒரு முழுக் காலைப்பொழுது கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தார். நோயாளி என்று நினைத்து அவர் கையில் தெர்மாமீட்டரைக் கொடுத்துவிட்டார்களாம். காய்ச்சல் இல்லை என்பதையும் குறித்து வைத்திருந்தார். தாளில் பதினான்கு வரிசைகள் ஆயின. பஸ் ஸ்டாப்பிலிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும் என்பது பதினான்காவது.

ஒருநாள் மாலை அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா எனக்கு ஒவ்வொரு வரிசையாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா தலை நிமிராமலே கேட்டாள்.

"ஏங்க, இதுல எங்கயாவது பொம்பள டாக்டர் இருக்காங்களா?"

"எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"அடையார்ல செவ்வாய், வெள்ளி ஒரு அம்மா வராங்க. அது பிரசவக் கேஸுக்கு. நமக்கு எதுக்கு?" என்றுவிட்டு அப்பா பதினோராவது வரிசைக்குப் போனார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

மதிப்பெண் கூட்டியபோது இன்ஷூரன்ஸ் பாலிசி முன்னால் நின்றது. எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் செல்லும் என்பதற்கு அப்பா தாராளமாகப் போட்டிருந்தார். செப்டம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஏஜெண்ட் விண்ணப்பத்தோடு வந்தார். தி.நகர்க்காரர், பேச்சில் வேகம். அப்பாவின் பக்கம் ஒரு வழியாக முடிந்தது. பிறகு அம்மாவின் பக்கம். கேள்விகளை அவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார், அப்பா சொன்னார். அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாவுக்கு இன்னா ஒடம்பு கீது சார்?"

"மழைக்காலத்துல இழுப்பு. அறுபத்தொம்பதுலேர்ந்து. அப்புறம் முழங்கால் வலி, ரெண்டரை வருஷமா. தைலம் தடவுறா."

"இன்னா சார் நீங்க. கேட்டதுக்கு இல்லைன்னு ஒரு கோடு போட்டுக்கினு போவீங்களா, வரலாறு சொல்லிக்கினு கீறீங்க. இழுப்பை எழுதினா இழுப்புக்குக் காசு தர மாட்டான்."

"மறைச்சு எழுதினா எதுக்குமே தர மாட்டான். பின்னாடி சின்ன எழுத்துல இருக்கு, படிச்சேன்."

"அத்தெல்லாம் யார் சார் படிக்கிறாங்க?"

"நான் படிக்கிறேன். இருபத்தெட்டு வருஷமா இவளுக்கு நான்தான் சொல்லிட்டு வரேன். ஒண்ணும் கூட்டினதுமில்ல, ஒண்ணும் விட்டதுமில்ல."

"சரி சார். வேற ஏதாச்சும்?"

"வேற ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. நிமிர்ந்து பார்த்தேன். நிலைப்படியில் அம்மா இல்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், விண்ணப்பத்தை நான் மை தொட்டு நகல் எழுத வேண்டும், அப்பா கையெழுத்துப் போட வேண்டும், ஏஜெண்ட் வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார் என்று ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை மாலை அம்மா என்னைக் காய் வாங்கக் கூட்டிக்கொண்டு போனாள். மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றிப் பாதி தூரம் நடந்ததும், குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"முழங்காலா?" என்றேன்.

"முழங்கால்ல ஒண்ணும் இல்லடி."

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். நான் பிறந்தபோதே லேசாக ஆரம்பித்ததாம். கர்ப்பப்பை கீழே இறங்குகிறது. இந்த மூன்று வருஷமாக நின்றால் இறங்கிவிடுகிறது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நடமாடுகிறாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பழைய டைரியைப் புரட்டினேன். 1970 ஐப்பசி, மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் எழுதியிருந்தேன்: "மேடையில் இருந்த ஸ்டவ்வை அம்மா இன்று தரைக்கு இறக்கிவிட்டாள். இனிமேல் உட்கார்ந்து சமைக்கப் போகிறாளாம்." நாள் சரியாக இருந்தது. காரணத்தைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குளக்கரையில் நான் அவளிடம் கேட்டது வேறு: "அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அவர் போய் டாக்டர்கிட்ட சொல்லணும். பின்னாடி ஆபீஸ்காரங்க பத்துப் பேர் வரிசையில நிப்பாங்க. அங்க நின்னுக்கிட்டு அவர் இத எப்படிடி சொல்லுவார்? ஒருநாள் நான் உட்கார்ந்து எழுந்துக்கறதப் பாத்துட்டு, முழங்காலான்னு கேட்டார். ஆமான்னுட்டேன்."

"அப்ப அந்தத் தைலம்?"

"தடவுனேன். வாங்கிட்டு வந்துட்டாரே, சும்மா வைக்க முடியுமா?"

இரண்டரை வருஷம், மாதம் ஒரு பாட்டில். வலிக்காத முழங்காலில்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். விண்ணப்பத்தில் இதைச் சேர்க்காமல் விட்டால் அப்பா பொய்யில் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடுமா? ஆகும் என்றேன். சேர்த்தால் கம்பெனிக்காரன் அதற்கு மட்டும் தர மாட்டான் என்றும் சொன்னேன். "அப்ப ரெண்டு விதத்துலயும் எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். கோபமில்லாமல், கத்தரிக்காய் முற்றல் என்று சொல்வதுபோலச் சொன்னாள். "நீ அவர்கிட்ட சொல்லிடாத" என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் சொல்லவில்லை. புதன்கிழமை காலை அப்பா பால் வாங்கப் போன நேரத்தில் அந்தத் தாளை எடுத்து, பதினான்காவது வரிசைக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். 'பெண் டாக்டர்' என்று எழுதினேன். முதல் கட்டத்தில் இல்லை, இரண்டாவதில் இல்லை, மூன்றாவதில் செவ்வாய், வெள்ளி. நகல் எழுதாத விண்ணப்பத்தை அதன் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அப்பா தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாததில்லை. என்னை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய், தரையில் ஸ்டவ்வின் முன் இருந்த அம்மாவுக்கு எதிரில் தானும் உட்கார்ந்தார். அவர் அப்படித் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

"முழங்கால் இல்லையா?"

அம்மா திரியைக் குறைத்தாள். "இல்ல."

"எத்தனை நாளா?"

"நாளாச்சு."

"நான் டாக்டர்கிட்ட முழங்கால்னுதானே சொல்லிட்டு வந்தேன்."

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் உங்ககிட்ட தப்பாச் சொன்னேன்."

எது என்று அவர் கேட்கவில்லை. "ரசம் பொங்குது பாரு" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை வந்த ஏஜெண்டுக்குக் காபி கொடுத்து, அடையாறு அட்டையே வாங்கப்போவதாகச் சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னா சார், மூணு மாசம் அளந்து பாத்துட்டுக் கடைசில அட்டை வாங்கிக்கினு போறீங்களே" என்று அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்துவைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சங்கத்தின் கெடுவுக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேலேயே இருந்தது. பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் அவர்களோடு அடையாறுக்குப் போனேன். பஸ்ஸில் இடம் கிடைத்ததும் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, அப்பா பாலம் தாண்டும் வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி அவள் பக்கத்திலேயே நின்றார். நர்சிங் ஹோமில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்து அட்டை வாங்கினார். பெண் டாக்டரின் அறைக் கதவருகில் ஓர் ஆயா உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கு? இன்னா ஒடம்புக்கு?"

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். பையில் சீட்டு இல்லை. ஆனாலும் வாயைத் திறந்துவிட்டார். "இவங்களுக்குத்தான். இவங்களுக்கு வந்து..."

"நீ ஏன் நைனா சொல்ற? அவங்களுக்கு வாய் கீதுல்ல? நீ இப்படிக் குந்து. உள்ள ஆம்பளைங்களுக்கு வேலை இல்ல."

அம்மா எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தாள். கூட வரவா என்று நான் எழுந்தேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனை நிமிஷம் என்று குறிப்பாரோ என்று நினைத்தேன். கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சாவி கொடுத்தார். சாவி ஏற்கெனவே முழுதும் கொடுத்திருந்தது, திரும்பவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் லேசாகக் கேட்டது. வார்த்தை எதுவும் புரியவில்லை. விடாமல் பேசுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

"நிறையப் பேசறா" என்றார் அப்பா.

"ஆமாம்பா."

"பேசட்டும்."

வெளியே வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது. பொங்கல் கழிந்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், பயப்பட ஒன்றுமில்லை, அதுவரை கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அப்படியே தை மாதம் நடந்தது, நல்லபடியாக முடிந்தது, மாசியில் ஸ்டவ் மறுபடியும் மேடைக்கு ஏறியது. அதை டைரியில் எழுதியபோது காரணத்தையும் சேர்த்து எழுதினேன்.

ஆனால் அன்று பஸ் ஸ்டாப் வரைக்கும் அம்மாவேதான் பேசிக்கொண்டு வந்தாள். டாக்டர் என்ன கேட்டார், தான் என்ன சொன்னாள், எங்கே படுக்கச் சொன்னார், எங்கே வலித்தது. எல்லாவற்றையும் அப்பாவிடம் வரிசையாகச் சொன்னாள். நான் நான்கு அடி பின்னால் நடந்தேன். அப்பா ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. அவள் பக்கமாகத் தலையைச் சாய்த்து, அவள் நடக்கும் வேகத்துக்கு நடந்துகொண்டு, கேட்டுக்கொண்டே போனார்.