ஜெப நேரத்துப் பச்சடி

இந்த வரனும் அமையாவிட்டால் இனி உன் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். முப்பதைத் தாண்டிய பெண்ணை வைத்துக்கொண்டு சர்ச்சில் அவள் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. அதனால் போன மாம்பழ சீசனில், மாப்பிள்ளையையும் அவருடைய அம்மாவையும் பார்க்க, ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில் நடக்கும் விவசாயிகள் சந்தைக்கு அம்மாவோடு வாயை மூடிக்கொண்டு போனேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்கள்தான். காய்கறிக் கடைகளுக்கு நடுவே ஓலைக் கொட்டகை போட்டு, மாம்பழம் வரும் மாதங்களில் மட்டும் சாப்பாடு போடுகிறார்கள். மருந்தடிக்காத காய், மண்பானைச் சமையல் என்று வாசலில் போர்டு. உள்ளே போனதும் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். பெஞ்சைத் துடைத்த துணியாலேயே தண்ணீர் டம்ளரையும் துடைத்து வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவோ, "இங்க எல்லாமே நேச்சுரல்ம்மா" என்று பூரித்துப்போனார். ஈ கூட நேச்சுரல்தான், யார் இல்லையென்றது?

பச்சடி தவிர மற்றதெல்லாம் இலைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஜெபத்தைத் தொடங்கினார். எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் என்றால் நான்கு வரி. இவர் மழைக்கும் மண்ணுக்கும் உழவருக்கும் சமைத்தவருக்கும் தனித்தனியாக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனார். சோற்றில் உட்காரும் ஈயை விரட்டக் கண்ணைத் திறந்தேன்.

பக்கத்து பெஞ்சில் யாரோ சாப்பிட்டு எழுந்து போயிருந்தார்கள். பரிமாறுகிறவர் அந்த எச்சில் இலைகளிலிருந்த தொன்னைகளை எடுத்து, மிச்சமிருந்த மாங்காய்ப் பச்சடியை விரலால் வழித்துத் தன் வாளிக்குள் விட்டார். ஒன்றில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. சீ! எதிரே மாப்பிள்ளையும் கண்ணைத் திறந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று மூடிக்கொண்டார்.

ஆமென் சொன்னதும் அந்த வாளி வந்தது. "எனக்கு வேணாம்ண்ணா" என்று மாப்பிள்ளை தன் இலைமேல் கையை வைத்தார். அடுத்தது என் அம்மாவின் இலை. இப்போதாவது தடுப்பார் என்று பார்த்தேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். கரண்டி சாய்வதற்குள் அம்மாவின் இலையை நான் என் பக்கம் இழுத்தேன்.

"எச்ச இலையில இருந்து வழிச்ச பச்சடிம்மா. நான் பாத்தேன். இவரும் பாத்தாரு."

"நானா? நான் கண்ண மூடிட்டு ஜெபத்துலதான இருந்தேன்" என்றார் அவர்.

அவருடைய அம்மா வாளியின் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். "ஜெபம் பண்றப்ப நீ ஏம்மா கண்ணத் திறந்த?"

பச்சடியைவிட அந்தக் கேள்விதான் எனக்குக் குமட்டியது. அம்மா அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உனக்குக் கல்யாணம் ஆகலன்னா போகட்டும். வா, வீட்டுக்குப் போய் ரசம் வெக்கிறேன்."