வெள்ளிக்கிழமை யானை

என் மேசை இழுப்பறையில், பழைய சோதனைப் படிவங்களுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு யானை முகம் இருக்கிறது. துதிக்கை முழுவதும் மாங்காய்க் கோலங்கள், நெற்றியில் அடுக்குத் தாமரை, காதுகளில் மயிலிறகுக் கண்களைப் போன்ற சிறு வட்டங்கள். இடது காதில் நாற்பத்தொரு வட்டங்கள்; முப்பத்தாறு நீலம், ஐந்து கறுப்பு. வலது காது வெறும் தாள். எதைப் பார்த்தாலும் எண்ணிப் பட்டியலிடுவது என் தொழில் தந்த பழக்கம். இந்தப் பட்டியலை நான் யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பியது வேறொன்று.

கெலாங் பாத்தாவை ஒட்டிய தொழிற்பேட்டையில், கார்களுக்கான வயர்க் கட்டுகளைச் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராகச் சேர்ந்தபோது, எல்லோரும் அக்கா என்று அழைக்கும் ஒருவர் கடைசிச் சோதனை மேசையில் பத்தொன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தார். எந்த நிற வயர் எந்தத் துளைக்குள் போயிருக்கிறது என்று பார்த்து அனுப்புவதுதான் அவர் வேலை. காஹாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். வயதில் என் அம்மாவுக்கு நெருக்கம். பதவியில் எனக்குக் கீழே. அந்தச் சங்கடத்தை அவர் எளிதாகத் தீர்த்து வைத்திருந்தார்: வேலை நடக்குமிடத்தில் நான் ‘மிஸ்’, கேன்டீனில் ‘கண்ணு’.

வெள்ளிக்கிழமைகளில் மதிய இடைவேளை நீளம். மலாய்த் தோழர்கள் தொழுகைக்குப் போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் நாங்கள் கேன்டீனில் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்வோம். தொழிலாளர்களின் மன அழுத்தம் குறைய வேண்டும் என்று நிர்வாகம் ஒருமுறை வண்ணம் தீட்டும் தாள்களையும் பென்சில் பெட்டிகளையும் கொடுத்தது. ஆளுக்கொரு பூனை, ஆந்தை என்று எடுத்துக்கொள்ள, அக்கா யானையை எடுத்தார். “அலமாக்! இத முடிக்கறதுக்குள்ள நீ ரிட்டையர் ஆயிருவ லா” என்றார் பக்கத்தில் இருந்த தோழி. “ஆனா என்ன? யானை கூடவே வீட்டுக்குப் போவேன்” என்றார் அக்கா. மற்றவர்கள் இரண்டு வாரத்தில் சலித்துப்போய்க் கைப்பேசிக்குத் திரும்பினார்கள். அக்கா மட்டும் வாரத்துக்கு ஆறேழு வட்டங்கள் என்று நிதானமாகப் போனார். மூச்சைப் பிடித்து, கோட்டுக்கு வெளியே ஒரு இழைகூடப் போகாமல். நான் எதிரே உட்கார்ந்து பார்ப்பேன். வாரம் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் எண்கள் அந்த நேரத்தில் மட்டும் நின்றிருக்கும்.

அவருக்கு ஒரு விரதம் இருந்தது. வெள்ளிக்கிழமை கறுப்பைத் தொட மாட்டார்; கறுப்பு உடுத்த மாட்டார், கறுப்பில் ஒரு ஹேர்பின்கூட வாங்க மாட்டார். “அப்போ கறுப்பு வயரு?” என்று கேலி செய்வார்கள். “வயரு கம்பெனியோடது. பென்சில் என்னோடது” என்பார். அதனால் பெட்டியில் கறுப்புப் பென்சில் மட்டும் சீவாமல் நீளமாகவே கிடந்தது. ஒரு நாள் தோழி அதை எடுத்துக் கூர்சீவி, அன்றைய பணிப்பட்டியலில் ஏதோ குறித்துவிட்டு, நீலம் இருக்க வேண்டிய இடத்தில் செருகிவிட்டார்.

அன்று மழை. கேன்டீன் மங்கலாக இருந்தது. அக்கா பெட்டியைப் பார்க்காமலே கை பழகிய இடத்திலிருந்து பென்சிலை உருவினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது வட்டம் வரை நான் காத்திருந்தேன், ஏதோ காரணம் இருக்கும் என்று.

“அக்கா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை.”

“அதான் நீலத்துலயே போய்க்கிட்டு இருக்கேன், கண்ணு.”

பிறகு என் முகத்தைப் பார்த்தார். பென்சிலை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். “கண்ணுல பூ விழுந்திருக்கு. இனிப்புநீர் வியாதி இருக்கில்ல, அதனால சீக்கிரமே வந்திருச்சாம். தீபாவளி கழிச்சு ஆப்பரேஷனுக்கு தேதி குடுத்திருக்காங்க. மேசைல பார்த்தது மேசையோட இருக்கட்டும், கண்ணு.”

கார்களில் மனிதர்கள் போகிறார்கள். நீலமும் கறுப்பும் மாறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்று மாலை தரக்குறை ஐயத்தைத் தெரிவிக்கும் படிவத்தைத் திறந்தேன். பதினோரு வரிசைகள். பெயர், மேசை எண், ஐயப்பாட்டின் தன்மை என்று பத்தையும் தெளிவாக நிரப்பினேன். ‘எந்த வெளிச்சத்தில் சோதிக்கப்பட்டது’ என்ற வரிசைக்கு ‘பொருந்தாது’ என்று எழுதி அனுப்பினேன்.

அவரை அன்றே மேசையிலிருந்து எழுப்பினார்கள். சிகிச்சை முடிந்து திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்; இன்றும் அப்படிச் சொல்லித்தான் தூங்கப் போகிறேன். கிடங்கில் இருந்த, அவர் கை பட்ட கட்டுகளை எல்லாம் பிரித்து மறுசோதனை செய்தோம். ஒரு வயர்கூட மாறியிருக்கவில்லை. அவர் மேசைக்கு மேலே இருந்த வெள்ளை விளக்கில் நான் அவரை ஒரு முறையாவது சோதித்திருக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் அவருக்கு நிறம் தெரிந்தது. மழைநாள் கேன்டீனில்தான் தெரியவில்லை. நிறத்தை மேசை விளக்கின் கீழ்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது எங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கையேட்டைத் திருத்தி எழுதியவள் நான்.

மறுசோதனை முடிவோடு மேலாளரிடம் போனேன். கண்ணில் இருந்த குறையை அக்கா மறைத்ததுதான் இப்போது பிரச்சினை என்றார். தவிர, வயர்களைச் சோதிக்கக் கேமரா வாங்க ஒப்புதல் வந்துவிட்டது என்றார். அக்காவைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்றபடி பெட்டி தூக்கும் வேலை. இரண்டு மாதத்தில் வேலையை விடுவதாக அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடையாள அட்டையை ஒப்படைக்க வந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அறுவை சிகிச்சை முடிந்து, கண்கள் தெளிவாக இருந்தன. கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து யானையை எடுத்து வைத்தார்.

“இப்ப நல்லாத் தெரியுது மிஸ். அஞ்சும் கறுப்புத்தான். நீங்க சரியாத்தான் பார்த்திருக்கீங்க.”

கேன்டீனில் அவர் என்னை மிஸ் என்று அழைத்தது அதுவே முதல் முறை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் எழுந்துகொண்டார்.

“நீங்களே வச்சுக்குங்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா இத நான் வீட்டுக்குக் கொண்டு போக முடியாது.”

இந்த வாரம் நிர்வாகம் மறுபடியும் தாள்களும் பென்சில்களும் கொடுத்தது, மன அமைதிக்காக. அக்காவின் மேசையில் இப்போது கேமரா இருக்கிறது. அதற்கு வெள்ளிக்கிழமை தெரியாது. மாதத்துக்கு மூன்று நான்கு முறை மாறிய வயரைத் தவறவும் விடுகிறது. அந்தத் தவறுகளைப் படிவத்தில் நிரப்புவதும் நான்தான். கேமராவை யாரும் பொட்டலம் கட்ட அனுப்புவதில்லை. இன்று மதியம் எல்லோரும் போன பிறகு இழுப்பறையைத் திறந்து யானையை எடுத்தேன். சோதனை மேசைக்குக் கொண்டுபோய், அந்த வெள்ளை விளக்கின் கீழ் வைத்து, நீலப் பென்சிலால் ஐந்து வட்டங்களின் மேலும் அழுத்தித் தீட்டினேன். கறுப்பின் மேல் நீலம் ஏறவில்லை. மெழுகுப் பளபளப்புதான் மிஞ்சியது. உறைக்குள் போட்டு, பழைய இடத்திலேயே வைத்தேன்.