ஒரு காலுக்கு மட்டும்

காஞ்சிபுரத்தில் ஸ்டெல்லாவின் பட்டறையில் நிற்கிறேன். பழைய பட்டுப் புடவைகளின் சரிகையை எரித்து, அதில் தேறும் வெள்ளியில் கையாலேயே நகை செய்கிறவள். அம்மாவின் கல்யாணப் புடவையை அவள் மேசைமேல் விரிக்கிறேன். பாதிதான் இருக்கிறது. அம்மாவின் காரியம் முடிந்த அன்று, புடவை யாருக்கு என்று எனக்கும் தங்கைக்கும் சண்டை. வெட்டிப் பிரித்துக்கொண்டோம். அதோடு பேச்சும் போயிற்று.

கரையில் ஓடும் அன்னங்களைக் காட்டுகிறேன். “இதே அன்னம் கொலுசுல வரணும்.”

ஸ்டெல்லா சரிகையைத் தேய்த்துப் பார்க்கிறாள், நிறுத்துப் பார்க்கிறாள். “நல்ல வெள்ளிக்கா. ஆனா ஒரு காலுக்குத்தான் தேறும். வேற வெள்ளி சேத்து ஜோடியா பண்ணிடட்டா?”

“வேற எதுவும் சேரக் கூடாது.”

“அப்ப மீதிப் பாதி எங்க இருக்குது?”

“ஐயம்பேட்டையில. தங்கச்சி வீட்ல.”

“தோ, பக்கத்துலதானேக்கா! வாசல்லயே ஷேர் ஆட்டோ வந்துக்கினு இருக்குது, போய் வாங்கியாந்துடு.”

ஏதோ மறந்து வைத்த குடையைச் சொல்வதுபோலச் சொல்கிறாள். அடுப்பு தயாராக எரிகிறது. நான் புடவையை மடித்துப் பைக்குள் வைக்கிறேன்.

ஆட்டோவில் ஓரத்து இடம். தங்கை கதவைத் திறந்ததும் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்: கத்தரியை எடுத்தது நான்தான்.