மற்றவர் மட்டும் ஒரு தலை உயரம்

ஃபேரர் பார்க்கில் புதிதாகத் திறந்த காப்பிக் கடையில், பழைய பத்திரிகைக் கேலிச்சித்திரம் ஒன்றை அழகுக்காக மாட்டியிருக்கிறார்கள். நடுவில் தொப்பி வைத்த வெள்ளைத் துரை. சுற்றிலும் நீளச் சடைச் சீனர், தென்னை மரத்தடியில் தூங்கும் மலாய்க்காரர், பல் மட்டும் வெள்ளையாக உள்ள தலைப்பாகைத் தமிழர். வரைந்தவனைத் திட்ட வாயெடுத்தவன் அடங்கிவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, இதே படத்தை ஒரு காலத்தில் நானும் வரைந்திருக்கிறேன், சம்பளத்துக்கு.

படச் சட்டத்தின் வார்னிஷ் வாடை என்னைச் சிராங்கூன் சாலைச் சந்து அச்சகத்துக்கே இழுத்துப் போய்விட்டது. அங்கே நான் படம் வரைபவன், மூன்று மாதத் தற்காலிகம். ஒரு பள்ளிக்கு இன நல்லிணக்கச் சுவரொட்டி வேண்டியிருந்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நம் ஊர் அரசாங்கக் கணக்குப்படி நால்வர். இது பிடித்துப்போனால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி லிம். எனக்கோ எதையாவது பார்த்தால்தான் கை ஓடும். அலமாரியில் கிடந்த பழைய பத்திரிகையிலிருந்து சுட்டேன். துரைதான் ‘மற்றவர்’. அவர் மட்டும் ஒரு தலை உயரமாக நின்றது என் கண்ணில் படவேயில்லை.

பக்கத்து மேசையில் மெய்ப்புத் திருத்துபவர் ரொஹானா அக்கா. தமிழர் நிறைந்த தேக்கா பக்கம் வளர்ந்த மலாய்க்காரர். தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

“எல்லாரும் நிக்கறாங்க, இவர் ஏன் தூங்கறார்?”

“மலாய்க்காரர்னு தெரியணும்லக்கா.”

“உன் தப்பைத் திருத்தவே எனக்கு நேரம் பத்தல லா. நான் எப்பத் தூங்கறது? சரி, இந்தத் தலைப்பாகை யாரு, உங்கப்பாவா?”

அப்பா துறைமுகத்தில் கிளார்க். முடியே நிற்காத தலையில் தலைப்பாகை எங்கே நிற்கும்? என் முகத்தில் நானே கரி பூசியிருந்தது அப்போதுதான் உறைத்தது. அக்காவைத் தூங்க வைத்ததற்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் அச்சகத்து ஆட்களையே வரைந்தேன். லிம், காதில் பேனா செருகிய அக்கா, ஒல்லிக்குச்சி நான், மற்றவருக்குப் பேப்பர் லாரி ஓட்டிவரும், ஐரோப்பிய-ஆசியக் கலப்பில் பிறந்த யூரேசியர். நால்வரும் ஒரே உயரம். பள்ளி திருப்பி அனுப்பிவிட்டது. யார் எந்த இனமென்றே தெரியவில்லையாம்.

வேலை வேண்டுமே. சடையும் தலைப்பாகையும் தொப்பியும் திரும்பி வந்தன. மலாய்க்காரரைத் திரும்பவும் தூங்க வைக்கவில்லை. என் வீரம் அவ்வளவுதான். வேலை நிரந்தரமானது. திருப்பி வந்த படத்தை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார்.

“இது நாமதானே. எனக்குக் கொடு.”

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி. அக்கா போன வருடம் புக்கிட் பாஞ்சாங்கில் காலமானார். தாமதமாகத் துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மகளிடம் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். வீட்டை ஒழித்தபோது அகப்பட்டதாம். அம்மாவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். மற்ற மூன்று பேர் யாரென்று தெரியவில்லை அங்கிள், அதனால் எறிந்துவிட்டோம் என்றாள்.