அப்பா வெட்டிக் கொடுத்த கொடி

அப்பாவின் முதலாண்டுத் திருப்பலியில் எங்களோடு சேர்ந்து ஜெபித்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் மகளின் வணக்கம்.

அப்பா பிறந்தது தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில். தகப்பனைச் சிறுவயதிலேயே கடலுக்குக் கொடுத்தவர். பிழைப்புக்காகக் கப்பலேறி அந்தமானின் போர்ட் பிளேர் வந்து, படகு எஞ்சின் மெக்கானிக் ஆனார். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். அம்மாவின் புது மிக்ஸியும் தப்பவில்லை.

கார் நிக்கோபாரில் ஜெனரேட்டர் பார்க்கப் போனபோது, ஓர் அலுவலக வாசலில் கருஞ்சிவப்பு இலைகளோடு ஒரு கொடி தொங்குவதைக் கண்டார். சர்க்கரைவள்ளிதான், ஆனால் அழகுக்கு வளர்க்கும் வகை. “கிழங்குக் கொடிய யாராவது அழகுக்கு வைப்பாங்களா?” என்ற கேள்வி அவரை விடவில்லை. ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கப்பலில் கொண்டு வந்தார். பிறகு வண்டூர் கடற்கரை விடுதி ஒன்றிலிருந்து எலுமிச்சைப் பச்சை இலைக்காரியும் எங்கள் கராச்சர்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கருஞ்சிவப்பு வெயிலில் இன்னும் கறுக்குமா, பச்சை நிழலில் என்ன நிறமாகும் என்று சுவரோரம் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

கப்பல் தாமதமானால் காய்கறிக்குத் திண்டாடும் ஊர் இது. “கத்திரிக்கா வைக்கிற எடத்துல சோத்துக்கு ஆகாத கொடி” என்று அம்மா பொருமுவார். அப்பாவோ வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு வங்காளி மாஷி, வாங்கிப்போய் நட்ட கொடிகளின் நுனியைக் கிள்ளி, பூண்டு போட்டு வதக்கிச் சாப்பிட்டே விட்டார். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. வேலிக்கு மேல் எட்டி, “கைசா லகா?” என்று ருசி விசாரித்தார்.

நோய் வந்து சென்னை மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்தோம். நான் கூட இருந்தேன். அம்மா இங்கே வீட்டில். கோடைக்காலம்; குழாய்த் தண்ணீர் குடிக்கவே போதவில்லை. கொடிகள் வேரோடு காய்ந்தன. போனில் அப்பா தன் உடம்பைப் பற்றிப் பேசமாட்டார்.

“கொடி எப்பிடி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. நீங்க மொதல்ல சாப்புடுங்க” என்பார் அம்மா.

இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். அதைக் கேட்டதும் அம்மா ஓடியது மாஷி வீட்டுக்கு. “தாதா கா ஹீ தோ ஹை, லே ஜாவ்” என்றாராம் மாஷி. அண்ணன் கொடுத்ததுதானே, கொண்டு போ என்று அவரே வெட்டியும் கொடுத்தார். கருஞ்சிவப்பை வெயிலிலும் பச்சையை நிழலிலும், பழைய இடத்திலேயே அம்மா நட்டார். சோற்றுக்கு ஆகாத கொடிக்குக் குடிதண்ணீரில் பங்கு கொடுத்தார்.

அப்பா வந்து இறங்கியதும் சுவரோரம் போய்க் குனிந்தார். அவர் நுனி கிள்ளுகிறவர் இல்லை. அவர் கொடி கிளைக்காமல் நீளமாக ஓடும். இதில் கணுவுக்குக் கணு பக்கக்கிளை.

“ஏட்டி, இது மாஷி கிள்ளித் தின்ன கொடில்லா?”

அம்மா அழுதுவிட்டார். அப்பா சிரித்தார். “நம்ம வீட்டுல செத்துப்போனது அங்க உசுரோட இருந்திருக்கு, பாத்தியா!” என்று அதிசயப்பட்டார்.

கடைசி நாட்களில் கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னார். இரண்டில் எது முதலில் வாசல் கேட்டைத் தொடும் என்பதே அவருடைய கவலை. அவர் கண் மூடிய அன்று கேட்டை யார் பார்த்தார்கள்? கூட்டம் கலைந்த பிறகு இரண்டும் அங்கே மிதிபட்டுக் கிடந்தன. எது முந்தியது என்று தெரியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பாவின் பெட்டியைத் தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், சென்னையில் சோறு கொண்டுவந்த சொந்தங்களுக்கும், பங்கு மக்களுக்கும், மாஷிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மிதிபட்ட கொடிகள் மறுபடி தழைத்திருக்கின்றன. போகும்போது ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டு போங்கள். சும்மா இல்லை. அடுத்த கோடையில் எங்களுடையது காய்ந்தால், உங்கள் கதவைத்தான் வந்து தட்டுவோம்.