மாற்று கோல்கீப்பர் வீட்டில் ஒரு மாலை

எதிர்வீட்டு ஹசீனா போன வாரம் மதியமே வந்து கதவைத் தட்டினார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுங்க சார். நஸ்ரின் மேட்ச்ச டிவியில காட்றாங்க!"

நஸ்ரின் அவருடைய மகள். பள்ளி மாணவி. இந்திய ஜூனியர் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். சரியாகச் சொன்னால்... இரண்டாவது கோல்கீப்பர். மேட்ச் துபாயில். அவளுடைய அத்தா சாதிக் வேலை பார்ப்பதும் அங்கேதான் — ஒரு மளிகைக் கடையில். மகளை நேரில் பார்த்து வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி ஸ்டேடியத்துக்குப் போயிருந்தார்.

இங்கே பேராவூரணியில், எங்கள் தெருவே ஹசீனா வீட்டு ஹாலில். நஸ்ரின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேமரா அந்தப் பக்கம் திரும்பினாலே கைதட்டல்!

மற்றவர்கள் களைத்துப்போனால் மாற்று ஆள் இறங்குவார். கோல்கீப்பரை அப்படி மாற்றுவார்களா? பெரும்பாலும் அடிபட்டால்தான்.

இரண்டாம் பாதியில் அதுவும் நடந்தது. உயரே வந்த பந்துக்குத் தாவிய நம் கோல்கீப்பர், மோதிக் கீழே விழுந்தாள். காலைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். பெஞ்சில் நஸ்ரின் எழுந்து கிளவுஸை மாட்டினாள்.

ஹாலில் ஒரே விசில். நானும்தான் எழுந்து நின்று கைதட்டினேன்.

"சும்மா இருங்க எல்லாரும்!" ஹசீனாவின் குரல் உடைந்திருந்தது. "அதுவும் ஒரு வீட்டுப் புள்ளதானே? யா அல்லாஹ், அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது."

எழுந்து நின்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்தோம்.

அந்தப் பெண் மெல்ல எழுந்தாள். நொண்டினாள். பிறகு ஓடிக் காட்டினாள். நஸ்ரின்? கோட்டோரம் நின்று அவளுக்குக் கைதட்டிவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் சாதிக் வீடியோ காலில் வந்தார். பக்கத்தில் ஜெர்சியோடு நஸ்ரின் — முகம் வாடிப்போய்.

"நான் எறங்கவே இல்லையே அத்தா. நீங்க லீவெல்லாம் போட்டுட்டு வந்தீங்க..."

"மேட்ச் பாக்கவா வந்தேன்? உன்னப் பாக்கத்தாம்மா வந்தேன். என் தோளுக்கு மேல வளந்துட்டியே!"

அவ்வளவுதான். அவள் அவர் தோளில் முகம் புதைத்தாள். போன் சரிந்தது. அதன்பிறகு வெகுநேரம் எங்களுக்குத் தெரிந்தது ஸ்டேடியத்தின் கூரை மட்டும்தான். ஹசீனா வீடியோ காலைக் கட் பண்ணவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

தேசிய அணி என்றதும் களத்தில் நிற்கும் பதினோரு பேரைத்தான் நினைக்கிறோம். அந்த வயதில் பந்தைத் தடுக்கப் பழகுவதைவிட, உட்கார்ந்து காத்திருக்கப் பழகுவது எவ்வளவு கஷ்டம்!

மேட்ச் என்னாச்சு என்கிறீர்களா? தோற்றுவிட்டோம். ஆனால் எங்கள் தெருவில் சொல்லிப்பாருங்கள்... ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.